துணிப்பெட்டியும் தூரிகையும்

நுழையும்முன்

ஓவியர் ஒருவரின் பணிக்கூடத்தில் தூரிகையும் வண்ணக் குழம்பும் இருப்பது இயல்பு. பெட்டி பெட்டியாகப் பழந்துணிகளும், எடுத்து வாசிக்க ஒரு வயலினும், கூண்டுகளில் நூற்றுக்கணக்கான பறவைகளும் சேர்ந்திருந்தால் அதை என்னவென்று அழைப்பது? இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவரான ஹென்றி மத்தீசின் பணிக்கூடம் அப்படித்தான் இருந்தது. தூரிகை பிடிப்பதற்கு முன்பே துணியைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. அக்கண் அவரை எங்கெல்லாம் அழைத்துச் சென்றது என்பதை இப்பாடம் கூறுகிறது.

நெசவு நகரத்துப் பிள்ளை

பிரான்சு நாட்டின் வடபகுதியில், பெல்சிய எல்லைக்கு அண்மையில் உள்ள சிற்றூர் லெ காத்தோ. அங்கே 1869ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் மத்தீஸ் பிறந்தார். வளர்ந்தது சற்றுத் தொலைவிலுள்ள பொயேன் என்னும் ஊரில். தந்தை விதையும் தானியமும் விற்கும் வணிகர். தாய் அதே கடையில் வீட்டுச் சுவருக்குப் பூசும் வண்ணங்களை விற்றார். ஓய்வு நேரத்தில் பீங்கான் கலங்களில் பூவேலை வரைவதும் அவர் வழக்கம். முன்னோரோ தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்தவர்கள்.

பொயேனைச் சுற்றியிருந்த நிலம் கண்ணுக்கு இனியதன்று. மேடு பள்ளமின்றி நீண்டு கிடக்கும் பீட்ரூட் வயல்கள், சர்க்கரை ஆலைகளின் புகை, குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிற வானம். ஆனால் ஊருக்குள் ஒரு நெசவாளர் வீட்டுக் கதவைத் திறந்தால் வேறோர் உலகம் தெரியும். பாரிசு நகரத்தின் பெரிய ஆடையகங்களுக்குப் பட்டும் வெல்வெட்டும் நெய்து அனுப்பிய ஊர் அது. எந்த ஆண்டு எந்த நிறம் செல்லும், எந்தப் பூவேலைக்கு எந்தப் பின்னிறம் பொருந்தும் என்பதெல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் ஓடும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது நிறம் துணியில் மின்னுவதை அவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன்பே கண்டிருப்பார்கள். மத்தீசுக்கு வண்ணப் பாடத்தை முதலில் நடத்தியவை பொயேன் தறிகளே என்று கொள்வதில் பிழையில்லை.

எனினும் அவர் ஓவியராவார் என எவரும் எண்ணவில்லை. தந்தையின் விருப்பப்படி பாரிசில் சட்டம் பயின்று, செயிண்ட் கெந்தேன் நகரில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். ஆவணங்களைப் படியெடுப்பதே வேலை. அதே நகரில் இருந்த ஓவியப் பள்ளிக்கு, அலுவலகம் திறக்கும் முன் விடியற்காலையில் சென்று வரத் தொடங்கினார். துணி வடிவமைப்புப் பணிக்கு இளைஞர்களைப் பழக்கிய பள்ளி அது. ஏறத்தாழ இருபது வயதில் குடல்வால் நோய் கண்டு பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். பொழுது போகட்டும் என்று தாய் ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். அதன்பின் அவருடைய கை வேறு எதையும் நாடவில்லை.

தந்தை அதிர்ந்தார். நிலையான வருவாயை விட்டு நிலையற்ற தொழிலைத் தேடிப்போகும் மகனை எந்த வணிகர்தாம் ஏற்பார்? 1891இல் மத்தீஸ் பாரிசு சென்றார். மரபோவியம் கற்பிக்கும் கூடத்தில் முதலில் சேர்ந்து மனம் ஒட்டாமல் விலகினார். குஸ்தாவ் மொரோ என்னும் ஆசிரியர்தாம் அவரைப் புரிந்துகொண்டவர். மாணவர்களை லூவர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, பழைய ஓவியங்களைப் படியெடுக்கச் செய்வதும், தெருவில் இறங்கி வாழ்க்கையை வரையச் செய்வதும் மொரோவின் முறை.

நீலப் பூக்கூடைத் துணி

1898இல் மத்தீஸ் அமேலி பரேய் என்பவரை மணந்தார். ஓவியம் விற்பனையாகாத அந்நாள்களில் குடும்பத்தைத் தாங்கியவர் அமேலிதான். பாரிசில் தொப்பிக் கடை திறந்து, தம் கைத்திறனால் உழைத்தார். மத்தீசின் முந்தைய உறவில் பிறந்த மகள் மார்கெரித்தையும் தம் மகளாகவே வளர்த்தார். பின்னர் ழான், பியேர் என இரு மகன்கள் பிறந்தனர். இந்த வறுமைக்கு நடுவில், 1899இல், செசான் வரைந்த சிறிய ஓவியம் ஒன்றை வாங்க வேண்டும் என்று மத்தீஸ் பிடிவாதமாக இருந்தார். அமேலியின் மோதிரம் அடகுக்குப் போனது. அந்த ஓவியத்தை முப்பத்தேழு ஆண்டுகள் உடன் வைத்திருந்து, 1936இல் பாரிசு நகரத்துக்கே கொடையாக வழங்கினார். தளர்ந்தபோதெல்லாம் அதைப் பார்த்தே தெம்பு பெற்றார். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவரின் பங்கைக் கலை வரலாறு இன்னும் சற்று விரிவாகவே எழுதியிருக்கலாம்.

1902இல் பேரிடி ஒன்று விழுந்தது. அமேலியின் பெற்றோர் பணிபுரிந்த செல்வக் குடும்பம் பெரும் மோசடி செய்தது வெளிப்பட்டது. ஏதும் அறியாத அவருடைய தந்தை சிறை செல்ல நேர்ந்தது. பின்னர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆனாலும் தொப்பிக் கடை மூடப்பட்டது, உடல்நலம் குன்றியது, மத்தீஸ் குடும்பத்தோடு பொயேனுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. தந்தையின் ஊரில், தோற்றவராக.

இந்த இருண்ட காலத்தில்தான், 1903 அளவில், பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது பழம்பொருள் கடையொன்றில் தொங்கிய துணியை அவர் கண்டார். வெளிர் நிறப் பருத்தியில் நீல நிறத்தில் பூக்கூடைகளும் கொடிகளும் அச்சிட்ட துணி. அதை வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய ஓவியங்களில் அத்துணி மீண்டும் மீண்டும் வந்தது. முதலில் மேசையின் ஓரத்தில் மடிந்து கிடந்தது. பிறகு மேசை முழுவதும் பரவியது. இறுதியில் சுவரையும் பிடித்துக்கொண்டது.

இவ்வகை அச்சுத்துணி பிரான்சுக்கு வந்த வழியை இங்கே நினைவுகூரலாம். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்தும் குசராத்திலிருந்தும் கப்பலேறிச் சென்ற வண்ணப் பருத்தித் துணிகளின்மீது பிரெஞ்சு மக்கள் பெருமோகம் கொண்டனர். உள்நாட்டு நெசவுக்குக் கேடு எனக் கருதிய அரசு 1686இல் அவற்றைத் தடை செய்தது. தடை 1759வரை நீடித்தது. அது நீங்கிய மறு ஆண்டே ஜூயி என்னும் ஊரில் பெரிய அச்சாலை எழுந்தது. சாயம் ஓடாமல் துணியில் நிலைநிற்கச் செய்யும் இந்தியக் கைவினைஞரின் நுட்பத்தை ஐரோப்பியர் கற்றுக்கொண்டதன் விளைவே பிரெஞ்சு அச்சுத்துணி. 1907இல் மத்தீஸ் தம் மனைவியைத் தலைத்துணி கட்டிய கோலத்தில் வரைந்தார். அவ்வோவியத்தின் பெயரே சிவப்பு மதராஸ் என்பதாகும். நம் கடற்கரையிலிருந்து சென்ற துணி, புறப்பட்ட ஊரின் பெயரைத் தானே சுமந்துகொண்டு உலகெங்கும் தலைத்துணியாகப் பரவியது, ஓவியத்திலும் ஏறியது.

சிவப்பாகிய அறை

1905ஆம் ஆண்டுக் கோடையை மத்தீஸ் கொலியூர் என்னும் மீனவர் ஊரில் தெரேன் என்ற இளம் ஓவியரோடு கழித்தார். மத்தியதரைக் கடலின் வெயில் அவர் வண்ணங்களைக் கட்டவிழ்த்து விட்டது. அவ்வாண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் தொப்பி அணிந்த பெண் என்னும் ஓவியத்தை வைத்தார். தொப்பி தைத்துக் குடும்பம் காத்த அமேலியே அதிலுள்ள பெண். முகத்தில் பச்சை, மூக்கில் மஞ்சள், கழுத்தில் செம்மஞ்சள். பார்வையாளர் சிரித்தனர், வெகுண்டனர். திறனாய்வாளர் ஒருவர் இவ்வகை ஓவியர்களைக் காட்டு விலங்குகள் என்னும் பொருளில் ஃபோவ் என்று அழைக்க, அதுவே ஓர் இயக்கத்தின் பெயராய் நிலைத்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1913இல், சிகாகோவில் கலைப்பள்ளி மாணவர்கள் அவர் ஓவியங்களின் படிகளைத் தீயிட்டுக் கொளுத்தும் அளவுக்கு எதிர்ப்பு கடல் கடந்தும் சென்றது.

அவரை ஆதரிக்க வந்தவர் மாஸ்கோ நகரத் துணி வணிகர் செர்கேய் சுக்கின். கோடிக்கணக்கான முழம் துணியைக் கண்ட வணிகருக்கு வண்ணத்தைக் கண்டு அஞ்சவேண்டிய தேவை இருக்கவில்லை போலும். அவருடைய உணவுக்கூடத்துக்காக 1908இல் மத்தீஸ் பெரிய ஓவியம் ஒன்றைத் தீட்டினார். பெண்ணொருத்தி மேசையில் பழங்களை அடுக்குகிறாள். சாளரத்துக்கு வெளியே மரங்கள் பூத்திருக்கின்றன. மேசை மீதும் சுவர் மீதும் அதே பூக்கூடைத் துணியின் கொடிகள் படர்கின்றன. முதலில் அறை நீலமாக இருந்தது. ஆனால் மத்தீசுக்கு நிறைவு வரவில்லை. முடித்து விற்றுவிட்ட ஓவியத்தைத் திரும்ப எடுத்து, அறை முழுவதையும் சிவப்பாக்கினார். இன்று உருசியாவின் எர்மித்தாசு அருங்காட்சியகத்தில் இருக்கும் சிவப்பு அறை என்னும் ஓவியம் அதுவே.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மேசை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு மெல்லிய கோடு மட்டுமே காட்டுகிறது. இரண்டும் ஒரே சிவப்பு. இரண்டிலும் ஒரே கொடி. ஐரோப்பிய ஓவியர்கள் ஐந்நூறு ஆண்டுகளாகப் போற்றிவந்த தொலைவு என்னும் தோற்றத்தை மத்தீஸ் இங்கே மடித்து வைத்துவிட்டார். அருகு, தொலைவு, முன், பின் என்ற வேறுபாடு துணியில் இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை அங்கே எல்லாப் புள்ளிக்கும் ஒரே மதிப்பு. ஒரு நெசவாளரின் கண்ணுக்கு இது புதிதன்று. ஓவிய உலகத்துக்குப் புதிது. அச்சுப்படத்தில் இந்தச் சிவப்பின் ஆழத்தில் பாதிகூட வராது என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வயலினும் ஓவியமும்

மத்தீஸ் சிறுவயதிலேயே வயலின் கற்றவர். இசை அவருக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. சுக்கினின் மாளிகை மாடிப்படிச் சுவர்களுக்காக 1910இல் அவர் தீட்டிய இரு பெரும் ஓவியங்களுக்கு நடனம், இசை என்பவையே பெயர்கள். வானுக்கு நீலம், நிலத்துக்குப் பச்சை, மனித உடலுக்குச் சிவப்பு ஆகிய மூன்று வண்ணங்களே இரண்டிலும் உள்ளன. நடனத்தில் ஐவர் கைகோத்துச் சுழல்கின்றனர். இசையிலும் ஐவரே. ஒருவர் வயலின் வாசிக்கிறார், ஒருவர் குழல் ஊதுகிறார், மூவர் பாடுகின்றனர். ஒருவரையொருவர் தொடாமல், பச்சை மேட்டில் இசைக்குறிகள்போல் தனித்தனியே இருக்கின்றனர். அவர்களை இணைப்பது காதால் மட்டுமே உணரக்கூடிய ஒன்று. அதைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் ஓவியர் ஏற்றுக்கொண்ட சவால். பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது எழுந்த ஏளனத்தைக் கண்டு சுக்கினே தயங்கினார். பிறகு துணிந்து பெற்றுக்கொண்டார்.

1917ஆம் ஆண்டு இறுதியில் மத்தீஸ் தென்கடற்கரை நகரமான நீசுக்குச் சென்றார். ஓயாத மழை. கிளம்பிவிடலாம் என்றிருந்த வேளையில் காற்று வீசி மேகங்களை விரட்ட, அங்கே தெரிந்த ஒளியைக் கண்டு வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். விடுதியில் தங்கியிருந்த நாள்களில் நாள்தோறும் நெடுநேரம் வயலின் பயிற்சி செய்வார். பிறருக்குத் தொந்தரவாக இருக்கும் என்பதால் ஒதுக்குப்புறமான குளியலறையில் நின்று வாசித்ததும் உண்டு. இவ்வளவு உழைப்பின் காரணம் வியப்புக்குரியது. கண்பார்வை போய்விடுமோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. பார்வை போனால் தெருவில் நின்றாவது வயலின் வாசித்துக் குடும்பத்தைக் காக்கலாம் என்று கணக்கிட்டார். அமைதியும் இன்பமும் ததும்பும் ஓவியங்களைத் தந்தவர், இரவில் உறக்கம் வராமல் தவித்தவர். இளைய மகன் பியேரை வயலின் கலைஞராக்க அவர் முனைந்ததும் பலிக்கவில்லை. பியேர் பிற்காலத்தில் நியூயார்க்கில் புகழ்பெற்ற ஓவிய வணிகரானார்.

1920இல் அரங்கேறிய நைட்டிங்கேல் பறவையின் பாடல் என்னும் நாட்டிய நாடகத்துக்கு இசை அமைத்தவர் ஸ்ட்ராவின்ஸ்கி. அதற்கான அரங்கையும் ஆடைகளையும் மத்தீஸ் வடிவமைத்தார். துக்கம் கொண்டாடுவோரின் வெண்ணிற ஆடைகளில், கருநீல வெல்வெட்டை வெட்டி ஒட்டுவேலையாகப் பொருத்தச் செய்தார். வண்ணப் பரப்பை வெட்டி இன்னொரு பரப்பின்மேல் வைக்கும் இந்த வேலைக்குப் பின்னாளில் வரப்போகும் முக்கியத்துவத்தை அன்று அவரே அறிந்திருக்க இயலாது.

பெட்டிக்குள் உலகம்

எந்த நாட்டுக்குச் சென்றாலும் மத்தீஸ் துணிக்கடையைத் தேடுவார். 1906இல் அல்சீரியாவிலிருந்து விரிப்புகளோடு வந்தார். 1910இல் மியூனிக் நகரில் நடந்த இசுலாமியக் கலைக் கண்காட்சி அவரை ஆட்கொண்டது. அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய பயணத்தில் எசுப்பானியாவின் அல்காம்ப்ரா அரண்மனையைப் பார்த்தார். 1912, 1913ஆம் ஆண்டுகளில் இருமுறை மொராக்கோ சென்று தாஞ்சியர் நகரில் தங்கினார். வட ஆப்பிரிக்க மக்கள் துணியில் வளைவு வளைவாகத் துளை வெட்டி, பின்புறம் வேறு துணி வைத்துத் தைக்கும் தொங்கல்களும் அவருடைய கூடத்துக்கு வந்து சேர்ந்தன. வெளிச்சத்தைச் சல்லடைபோல் சலிக்கும் துணிகள் அவை.

காங்கோ நாட்டுக் கூபா மக்களின் துணிகளை அவர் தனி மதிப்போடு போற்றினார். ராஃபியா பனையின் நாரை நெய்து, அதன்மேல் வெல்வெட்டுப்போல் மென்மயிர் எழும்படி கோலவேலை செய்வது அவர்கள் மரபு. சீராக ஓடும் கட்டம் ஓரிடத்தில் திடீரெனத் திசைமாறும், எதிர்பார்த்த கோடு வராது, வேறொன்று தொடரும். தாளம் தவறியதுபோல் தோன்றி மீண்டும் தாளத்துக்கு வந்து சேரும் அக்கோலங்களைச் சுவரில் மாட்டி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஐரோப்பியர் பலர் ஆப்பிரிக்கக் கலையை வேடிக்கைப் பொருளாகக் கருதிய காலத்தில், அதைத் தமக்குப் பாடம் நடத்தும் ஆசிரியராக ஏற்றவர் அவர். அத்துணிகள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்து சேர்ந்த வழி குடியேற்ற ஆட்சியின் வழிதான் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1930இல் தாகித்தி தீவுக்குச் சென்றார். ஏறத்தாழ மூன்று மாதம் தங்கியும் பெரிய ஓவியம் எதையும் வரையவில்லை. பவளத்தீவின் காயலில் மூழ்கி, நீருக்கடியில் பார்ப்பதும், தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்ப்பதுமாகப் பொழுதைக் கழித்தார். நீருக்கு அடியிலுள்ள ஒளியும் நீருக்கு மேலுள்ள ஒளியும் வேறுவேறு என்று கண்கள் குறித்துக்கொண்டன. அக்குறிப்பு பயன்பட்டது பதினாறு ஆண்டுகள் கழித்து.

பறவைகளும் இலைகளும் அவருடைய கூடத்தின் நிலையான குடிகள். பாரிசில் சேன் ஆற்றங்கரையில் பறவை விற்போரிடம் வாங்கத் தொடங்கிய பழக்கம், நீசில் நூற்றுக்கணக்கான பறவைகள் அடங்கிய பெரிய கூண்டுகளாக வளர்ந்தது. அவர் பரிசளித்த புறா ஒன்றே, 1949இல் பிக்காசோ உலக அமைதி மாநாட்டுக்காக வரைந்த புகழ்பெற்ற புறாப் படத்துக்கு மாதிரியாயிற்று. பெரிய இலைகள் கொண்ட பிலோடெண்ட்ரான் செடிகளை வீட்டுக்குள் வளர்த்தார். அத்தி இலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே மரத்தின் இரண்டு இலைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இருந்தும் அத்தி இலை அத்தி இலையாகவே இருக்கிறது. அது எப்படி என்னும் கேள்வியை அவர் விடவே இல்லை.

அவர் வேலை செய்த முறையை அறிய, உருமேனிய மேலாடை என்னும் ஓவியம் உதவும். உருமேனிய உழவர் பெண்கள் தைத்து அணியும் பூவேலை மேலாடைகள் பல அவரிடம் இருந்தன. அத்தகைய மேலாடை அணிந்த ஒரு பெண்ணை வரையத் தொடங்கினார். அன்றன்றைய வேலை முடிந்ததும் ஒளிப்படம் எடுக்கச் செய்வார். தொடக்கப் படங்களில் பூவேலையின் ஒவ்வொரு தையலும் இருக்கிறது; பின்சுவரில் அலங்காரம் நிறைந்திருக்கிறது. நாள் செல்லச் செல்லச் சுவரின் அலங்காரம் மறைகிறது, நாற்காலி மறைகிறது, தையல்கள் சில கோடுகளாகச் சுருங்குகின்றன. மாதக்கணக்கில் வரைந்து வரைந்து அழித்தபின், 1940இல் முடிந்த ஓவியத்தில் ஒரு சிவப்புப் பின்புலம், நிலவுபோல் உருண்ட வெண்ணிறக் கைகள், சில பூக்கோலங்கள் மட்டுமே எஞ்சின. ஒரே அமர்வில் விளையாட்டாய் வரைந்ததுபோல் தோன்றும். 1945இல் பாரிசில் கண்காட்சி வைத்தபோது, முடிந்த ஓவியங்களோடு இந்த ஒளிப்படங்களையும் சட்டமிட்டு மாட்டினார். எளிமையாகத் தெரிவது எளிதில் வந்ததன்று என்பதைக் கண்டோர் அறிந்தனர்.

கத்தரிக்கோல்

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் அவர் வாழ்வும் குலைந்தது. 1939இல் அமேலி பிரிந்து சென்றார். நாற்பதாண்டுத் துணை அறுந்தது. 1940இல் செருமானியப் படை பிரான்சுக்குள் நுழைந்தபோது பிரேசில் நாட்டுக்குச் செல்லும் அனுமதி கையில் இருந்தும் அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை. 1941இல் குடல் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவைச் சிகிச்சை. பிழைக்கமாட்டார் என்றே கருதப்பட்டவர் பிழைத்தார். ஆனால் நெடுநேரம் நின்று வரைய முடியாத உடலோடு. இனிச் சக்கர நாற்காலியும் கட்டிலுமே அவர் பணிக்கூடம்.

அப்போதுதான் கத்தரிக்கோலை எடுத்தார். லிடியா தெலக்தோர்ஸ்கயா என்னும் உருசியப் பெண்ணும் பிற உதவியாளர்களும் தாள்களில் அழுத்தமான நீர்வண்ணத்தைப் பூசி உலர்த்திக் கொடுப்பர். மத்தீஸ் பெரிய கத்தரியால் தாளை நேரடியாக வெட்டுவார். முன்வரைவு கிடையாது. உதவியாளர் அவற்றைச் சுவரில் குண்டூசியால் குத்த, அவர் கட்டிலில் இருந்தபடியே மேலே, கீழே, சற்று இடப்புறம் என்று நகர்த்தச் சொல்வார். தையற்காரர் துணித்துண்டுகளை ஊசியால் பொருத்திப் பார்க்கும் அதே முறை. வண்ணம் முதலா, கோடு முதலா என்று ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வழக்காடி வந்தனர். கத்தரி வண்ணத்திலேயே கோடு வெட்டியபோது அவ்வழக்குக்கு அவர் கூடத்தில் இடமில்லாமல் போயிற்று.

ஜாஸ் என்னும் படத்தொகுப்புக்கான வெட்டோவியங்கள் 1943, 1944ஆம் ஆண்டுகளில் உருவாயின. வட்டரங்குக் கலைஞர்கள், குதிரைகள், கடற்பாசி, விண்மீன்களுக்கிடையே வீழும் ஒரு கரிய உருவம் என 20 படங்கள் கொண்ட இத்தொகுப்பு 1947இல் வெளிவந்தது. எழுதிவைத்த கோலத்தைப் பிடித்துக்கொண்டே அந்தந்தக் கணத்தில் புதியதைப் புனையும் கருப்பின மக்களின் இசைக்கு உரிய பெயர், இப்படங்களுக்குப் பொருந்தி அமைந்தது.

அவ்வண்ணத் தாள்கள் வெட்டப்பட்ட நாள்கள் எத்தகையவை? 1944ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமேலியும் மார்கெரித்தும் நாசி உளவுக் காவல்துறையால் கைது செய்யப்பட்டனர். அமேலி விடுதலைப் போராளிகளுக்காகத் தட்டச்சு செய்தவர். மார்கெரித் அவர்களுக்குச் செய்தி சுமந்தவர். அமேலி பல மாதங்கள் சிறையில் இருந்தார். மார்கெரித் கொடிய சித்திரவதைக்கு ஆளாகி, செருமானிய வதைமுகாமுக்குத் தொடர்வண்டியில் அனுப்பப்பட்டார். எல்லையை அடையுமுன் பெல்ஃபோர் நகரில் வண்டி நின்றதால் உயிர் தப்பினார். இருவரும் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் தந்தை மாதக்கணக்கில் தவித்தார். பின்னர் மகள் நேரில் வந்து நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டார். அப்போது அவள் முகத்தை வரைந்தார்.

நாடு எரியும்போது பூவும் பறவையும் வெட்டிக்கொண்டிருந்தவர் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. பிக்காசோ 1937இல் குர்னிகா என்னும் போர்க்கொடுமை ஓவியத்தைத் தீட்டியதை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டுவர். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வெட்டோவியங்களில் துயரமே இல்லை என்பதும் சரியன்று. அந்தக் கரிய உருவத்தின் நெஞ்சில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி இருக்கிறது. அதை இதயம் என்பதா, தைத்த குண்டு என்பதா என்று பார்ப்பவரே முடிவு செய்யட்டும்.

கடலும் வானும்

1946இல் பாரிசு வீட்டில் படுத்திருந்தபோது, சுவரில் ஒரு கறை அவர் கண்ணை உறுத்தியது. கடிதத்தாளில் தகைவிலான் பறவை ஒன்றின் உருவை வெட்டி, அக்கறையின்மேல் குத்தச் செய்தார். அடுத்து ஒரு மீன். பிறகு பவளம், கடற்பாசி, சுறா. தாகித்தியில் கண்கள் குறித்துவைத்தவை ஒவ்வொன்றாக வெளிவந்து இரு சுவர்களையும் நிறைத்தன. சிக்கா ஆஷர் என்ற இலண்டன் துணித் தயாரிப்பாளர் அவற்றை லினன் துணியில் அச்சிட்டார். ஓசியானியா வானம், ஓசியானியா கடல் என்னும் இரு தொங்கல்கள் அவ்வாறு பிறந்தன. நெசவாளர் வழிவந்தவரின் கற்பனை மீண்டும் துணிக்கே வந்து சேர்ந்தது.

1948 முதல் 1951வரை வான்ஸ் என்னும் ஊரில் சிறு வழிபாட்டுக்கூடம் ஒன்றை அவர் வடிவமைத்தார். நோயுற்றிருந்தபோது தமக்குப் பணிவிடை செய்து, பின்னர்த் துறவியான இளம்பெண்ணின் வேண்டுகோளே அதற்குத் தொடக்கம். மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறக் கண்ணாடிகள் வழியே வெள்ளைத் தரையில் வெயில் விழுகிறது. குருமார் அணியும் அங்கிகளையும் வெட்டுத்தாளில் அவரே வடிவமைத்தார். சுவரில் வரைவதற்கு நீண்ட மூங்கிலின் நுனியில் கரித்துண்டைக் கட்டிக்கொண்டு, எட்டாத உயரத்தை எட்டினார்.

1952இல் அவருக்கு 82 வயது. நீச்சல் வீரர்கள் குதிப்பதைப் பார்க்கச் சென்று, வெயில் தாங்காமல் திரும்பியவர், தம் உணவறைச் சுவரைச் சுற்றி நீல உருவங்களை வெட்டி ஒட்டச் செய்து, நீச்சல் குளத்தை வீட்டுக்குள் வரவழைத்துக்கொண்டார். அரசனின் துயரம் என்னும் பெரும் வெட்டோவியமும் அவ்வாண்டில் ஆனதே. கரிய ஆடையில் முதிய அரசர் இசைக்கருவி மீட்டுகிறார். எதிரே ஒருத்தி ஆடுகிறாள். மஞ்சள் இலைகள் இசையோடு பறக்கின்றன. அம்முதியவர் மத்தீசே என்பது பலர் கருத்து. அதே ஆண்டில் பிறந்த ஊரான லெ காத்தோவுக்குத் தம் படைப்புகள் பலவற்றை வழங்கி அருங்காட்சியகம் அமையச் செய்தார்.

1954ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நீசில் மத்தீஸ் மறைந்தார். அதற்கு முந்தைய நாள், தலைமுழுகித் துண்டைத் தலையில் சுற்றியபடி வந்த லிடியாவைக் கண்டு, எழுதுகோல் கேட்டு வாங்கி, அந்தத் தலைச்சுற்றுத் துணியோடு அவரை வரைந்தார்.

துணிப்பெட்டிகள் அதன்பின் ஐம்பதாண்டுகள் குடும்பத்தாரிடம் மூடியே இருந்தன. 2004இல் லெ காத்தோ அருங்காட்சியகத்திலும், அடுத்த ஆண்டு இலண்டனிலும் நியூயார்க்கிலும், அத்துணிகள் அவருடைய ஓவியங்களுக்கு அருகில் முதன்முறையாக மாட்டப்பட்டன. நீலப் பூக்கூடைத் துணியும் அவற்றுள் ஒன்று. நூறாண்டுகளுக்கு முன் பழம்பொருள் கடையில் தொங்கிய அத்துணி நூல் நைந்து, நிறம் சற்று மங்கி இருந்தது.